தூக்குக்குண்டும் ஈயச்சொம்பும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நீ வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு பித்தளைத் தூக்குக்குண்டில் ‘ஆமோஸ் 7:8’ என்று பொறித்துக் கொடுத்தேனே, அது இன்னும் உன் மேசையில்தான் இருக்கிறது என்று போன வாரம் போனில் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. வேதத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் அந்த வசனத்தில் இருப்பது, சுவர் நேராக இருக்கிறதா என்று குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கும் தூக்குநூல்தானா என்பதே சந்தேகம்.

வசனம் உனக்கு மனப்பாடம். கர்த்தர் ஒரு மதிலின்மேல் நிற்கிறார், கையில் தூக்குநூல். “ஆமோசே, நீ என்னத்தைக் காண்கிறாய்” என்று கேட்கிறார். அஸ்திபாரக்கல் போடும் ஆராதனை என்றாலே எனக்கு இந்தப் பிரசங்கம்தான். கொத்தனாரிடம் குண்டை வாங்கித் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை பேசாமல் நிற்பேன். முன்வரிசையில் உட்கார்ந்து நீ சிரிப்பாய்.

எபிரெயத்தில் அங்கே உள்ள சொல் ‘அனாக்’. ஏழு, எட்டு ஆகிய இரண்டு வசனங்களில் நான்கு முறை வருகிறது, பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் கிடையாது. ஒத்துப்பார்க்க இன்னொரு இடம் இல்லையென்றால் மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்? கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘அதமாஸ்’ என்று போட்டார்கள், எதற்கும் மசியாத கடினமான பொருள் என்று அர்த்தம். வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் கொத்தனாரின் கரண்டி என்றே எழுதிவிட்டார். மதில் என்றதும் கரண்டி ஞாபகம் வந்திருக்கிறது, பாவம். அனாக் என்றால் ஈயம், ஈயம் என்றால் குண்டு, குண்டு என்றால் நூல் என்று போன வழியில் நம் தூக்குநூல் நிலைத்துவிட்டது.

ஆனால் பாபிலோன், அசீரியக் களிமண் பலகைகளில் ‘அனாகு’ என்றொரு உலோகம் வருகிறது. அது காரீயமா வெள்ளீயமா என்று நெடுநாள் வழக்கு. 1965-ல் லாண்ட்ஸ்பெர்கர் என்ற அறிஞர் வெள்ளீயம்தான் என்று வாதிட்டார், இன்று பெரும்பாலோர் அந்தப் பக்கம். நாமும் இரண்டையும் ஈயம் என்றுதானே சொல்கிறோம்!

பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம்தான். ஒருநாள் நீ அதை வெறுஞ்சொம்பாக அடுப்பில் வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாய். உருக 232 டிகிரி போதும் அதற்கு. திரும்பி வந்து பார்த்தால் அடிப்பாகம் ஓட்டை, பர்னரைச் சுற்றி வெள்ளி முத்துகள். பாட்டி உன்னைத் திட்டக்கூட இல்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இப்போது ஏழாம் வசனத்துக்கு வா. மூலத்தில் சொல்லுக்குச் சொல் ‘அனாக் மதில்’ என்றுதான் இருக்கிறது. நூலால் எப்படி மதில் கட்டுவது? அதனால்தான் தமிழில் ‘தூக்குநூல் பிரமாணத்தினால் கட்டப்பட்ட’ என்று சுற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளீய மதில் என்று படித்துப் பார். பார்வைக்குப் பளபளப்பு, நெருப்புப் பட்டால் ஒழுகிவிடும். இரண்டாம் யெரொபெயாம் ராஜா காலத்து இஸ்ரவேல் அப்படித்தான் இருந்தது: தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றுக்கொண்டு.

செம்போடு சேர்ந்தால் வெள்ளீயம் வெண்கலமாகும், ஆகவே கர்த்தர் கையில் இருந்தது ஆயுதத்துக்கான உலோகம் என்பாரும் உண்டு. சிலேடை என்பவர்களும் உண்டு. அடுத்த அதிகாரத்தில் ‘காயித்ஸ்’ என்ற கோடைப்பழம் உள்ள கூடையைக் காட்டி ‘கேத்ஸ்’, முடிவு வந்தது என்கிறாரே, அதைப்போல. எனக்கென்னவோ பாட்டியின் சொம்பைப் பார்த்த பிறகு மதில் விளக்கம்தான் மனதில் ஒட்டுகிறது.

குண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, நல்ல கனமான குண்டு. எழுத்தை மட்டும் ராவிவிட்டு ‘ஏசாயா 28:17’ என்று பொறித்துக்கொள். “நீதியைத் தூக்குநூலுமாக வைப்பேன்” என்று வருகிற இடம். அங்கே உள்ள சொல் வேறு, ‘நிறு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. அதில் சந்தேகம் இல்லை. கூலியை நான் அனுப்பிவிடுகிறேன்.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு அஸ்திபாரக்கல் ஆராதனை. என்னைத்தான் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். குண்டை எடுத்துவைக்கவா, பரணிலிருந்து அந்த ஓட்டைச் சொம்பை இறக்கவா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா