மார்கழிதானே என்று நினைக்காதே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா உன் பழைய சைக்கிளுக்குப் புது டயர் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரியில் இங்கே சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டேன், பொங்கல் முடிந்ததும் அப்பாவோடு பாண்டிச்சேரி வரை சைக்கிளில் போகிறேன் என்று போனில் சொன்னாய். சந்தோஷம். ஆனால் வெயிலைப் பற்றி நான் வாயெடுத்ததும், "மார்கழிதானேம்மா, கத்திரி வெயிலா என்ன?" என்று சிரித்துவிட்டாய். போனில் நீ என்னை முழுசாகப் பேச விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே.

மார்கழி குளிரெல்லாம் எங்களுக்குத்தான். விடியற்காலை 22 டிகிரி இருந்தால் நாங்கள் மப்ளர் கட்டிக்கொள்வோம். கிளாஸ்கோவில் 4, 5 டிகிரியில் கையுறை மாட்டிக்கொண்டு ஓடிப் பழகின உடம்புக்கு அதுவே நல்ல கோடை. எட்டு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறும்போது நீ பாதி தூரத்தைத்தான் தாண்டியிருப்பாய். அதற்கு மேல் காற்றில் இருக்கும் ஈரம். ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷத்தில் அது உனக்கு மறந்தே போயிருக்கும்.

ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்குதான் ஓட்டத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதை வெளியேற்றுவது வியர்வை என்று நினைக்கிறோம். உண்மையில் வெளியேற்றுவது வியர்வை காய்வதுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியாகிப் போனால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முழங்கையிலிருந்து சொட்டிச் சொட்டி ரோட்டில் விழுந்தால் துளி சூட்டைக்கூட எடுத்துப் போகாது. தண்ணீரும் போச்சு, உப்பும் போச்சு. அடைமழை சமயத்தில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்று நாளானாலும் காயாமல் கிடக்குமே, கடற்கரை ரோட்டில் ஓடும்போது உன் தோலுக்கு அந்தக் கதிதான். "நல்லா வேர்த்துது, உடம்பு கூலாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அதனால் போனில் வெறும் டிகிரியைப் பார்க்காதே, டியூ பாயின்ட் என்று ஒன்று போட்டிருப்பான், அதைப் பார். காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் இருக்கும் ஈரம் பனித்துளியாகப் படியும் என்ற கணக்கு அது, ஏற ஏற காற்றில் ஈரம் அதிகம். கிளாஸ்கோவில் கோடையிலேயே அது பெரும்பாலும் 10-க்கும் 15-க்கும் நடுவில்தான் இருக்கும். இங்கே மார்கழியிலேயே 20-ஐ ஒட்டி நிற்கும், மே மாதம் 25-ஐத் தாண்டும். 20-க்குப் பக்கத்தில் போனாலே பழகாத உடம்பு திணறும்.

2019 செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் ஆரம்பித்தார்கள். சூரியனே இல்லை, ஆனால் 32 டிகிரிக்கு மேல் சூடு, 70 சதவீதத்துக்கு மேல் ஈரம். 68 பேர் கிளம்பி 40 பேர்தான் முடித்தார்கள். உலகத்திலேயே தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கே அந்த நிலைமை. அதில் ஜெயித்த கென்யப் பெண் அதே வருஷம் ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிஷத்தில் ஓடியவர். தோஹாவில் 2 மணி 32 நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். கால் மணி நேரம் மெதுவாக ஓடித் தங்கம் வாங்கியிருக்கிறார். நான் உன்னிடம் கேட்பதும் அதுதான். நாலு மணி நேரத்தில் முடிப்பேன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறாய் அல்லவா, அதை கிளாஸ்கோவிலேயே விட்டுவிட்டு வா. அந்த வேகம் அந்த ஊர்க் காற்றில் வந்தது. இங்கே அதே வேகத்தில் ஓடினால் ரத்தம் காலுக்கும் போக வேண்டும், சூட்டைக் கொட்டத் தோலுக்கும் போக வேண்டும். வேர்க்க வேர்க்க ரத்தத்தில் இருக்கும் நீரும் குறையும். இதயம் பாவம், என்ன செய்யும்? வேகம் ஏறாமலே துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காமல் துடிப்பைப் பார். முதல் 10 கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் நீ வேகமாகப் போகிறாய் என்று அர்த்தம்.

உடம்பு பழகும், பழகாமல் இருக்காது. பத்துப் பதினாலு நாள் வேண்டும். முதல் சில நாளில் ரத்தத்தின் நீர் அளவு கூடும், அப்புறம் வேர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், நிறைய வரும், அதில் உப்பு குறையும். நீ போட்டிருக்கும் டிக்கெட்டோ போட்டிக்கு ஒரு வாரம் முன்னால்தான் இங்கே கொண்டுவந்து விடுகிறது. இன்னும் ஒரு வாரம் முன்னாலே மாற்ற முடியுமா பார். இதில் அம்மாவின் சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும்.

மாற்ற முடியவில்லை என்றால் உன் வீட்டில்தான் பாத்டப் இருக்கிறதே. கிளம்புவதற்கு முன் தினமும் ஓடி முடித்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் கழுத்து வரை அரை மணி நேரம் உட்கார். வேல்ஸில் பேங்கர் பல்கலைக்கழகத்தில் இப்படி 6 நாள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். வெக்கையில் ஓடும் திறமை நன்றாகவே கூடியிருந்தது. எழுந்திருக்கும்போது மட்டும் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திரு, தலை சுற்றும். முதல் இரண்டு நாள் வீட்டில் யாராவது இருக்கும்போது செய்.

ரிட்டயர் ஆன பிறகு நான் ஓட்டப் போட்டிகளில் முதலுதவிக் கூடாரத்தில் உட்காருகிறேன் என்று உனக்குத் தெரியும். போன தடவை முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளாடின ஒரு பையனை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை ஊற்றுகிறது. ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வேர்வை நின்றுபோயிருக்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஓடி வருகிறவர்களுக்கு அப்படி இல்லை, தொப்பலாக நனைந்துதான் வருவார்கள். "எந்த ஊருப்பா?" என்று கேட்டேன். "ஆறாவது" என்றான். "உன் பேர் என்ன?" என்றதற்கு என் கையைத் தட்டிவிட்டுக் கோபப்பட்டான். அக்குளில் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டர் இந்த நேரத்தில் உதவாது. ஆசனவாயில் வைத்துப் பார்த்தோம், 41 டிகிரி. கூட வந்தவர் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள் என்று கத்துகிறார், இன்னொருவர் பாரசிட்டமால் கொடுங்கள் என்கிறார். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இதற்குக் கேட்காது. டாக்டர் யார் பேச்சையும் காதில் வாங்காமல் பையனைத் தூக்கிப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் தண்ணீரில் கழுத்து வரை இறக்கிவிட்டார். கால் மணி நேரத்துக்குள் 39-க்கு இறங்கியது. நடுங்கிக்கொண்டே, "ஆன்ட்டி, என் மெடல் எங்கே?" என்று கேட்டான். அதற்கு அப்புறம்தான் ஆம்புலன்ஸ். முதலில் குளிர வைப்பது, பிறகு ஆஸ்பத்திரி. உன்னோடு ஓடுகிற யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ நேராக நடக்க முடியாமல் போனாலோ இதை ஞாபகத்தில் வை. வெயிலில் ஓடும்போது உனக்கே திடீரென்று குளிர் அடித்து, கையில் மயிர்க்கூச்செறிந்தால் அங்கேயே நின்றுவிடு. அது சுகம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் நீ என் பேச்சைக் கேட்கவே மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். நிறையக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களில் 488 பேர் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் தேவைக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தில் எடை கூடினவர்களிடம்தான் அது அதிகம். வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்து, ரத்தத்தில் இருக்கும் உப்பை நீர்த்துப்போக விட்டவர்கள். வந்த முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, ஓடுமுன்னும் ஓடின பின்னும் துடைத்துக்கொண்டு எடை பார். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது, அதுதான் உன் கணக்கு. அதற்கு மேல் குடிக்காதே. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய. வியர்வையில் போவது சோடியம். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை ஜூஸ், இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். சுருக்கமாக முடிப்போம் என்று அரை பாட்டிலில் கரைத்துவிடாதே. கால் வலிக்கிறது என்று நடு ஓட்டத்தில் இபுப்ரோஃபென் போடுவதையும் விட்டுவிடு. தண்ணீர் வற்றின உடம்பில் அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். முதல் நாள் வயிறு சரியில்லை, காய்ச்சல் அடித்தது, ராத்திரி தூக்கமில்லை என்றால் ஓடாதே. கட்டின பணம் போனால் போகட்டும்.

சைக்கிள் கதை வேறு. அதில் நீயே காற்றை உண்டாக்கிக்கொண்டு போகிறாய், அதனால் சூடு தெரியாது. நிறுத்தின உடனேதான் தெரியும். டீக்கடையில் இறங்கினதும் அப்பா குளித்தது போல் நிற்பார், நீயே பார்ப்பாய். அப்பா இன்னொன்றும் சொல்கிறார்: தை மாதம் ஈ.சி.ஆரில், அதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடகிழக்கிலிருந்து காற்று, பாண்டிச்சேரி போகும்போது முதுகில் தள்ளும். பறக்கிற மாதிரி இருக்கும், ஆனால் 28 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குப் பின்னால் 20-ல் காற்று வந்தால் முகத்தில் படுவது வெறும் 8 தான், வேர்வை காயாது. முட்டுக்காடு பாலத்தில் ஜிலுஜிலுவென்று இருந்ததை நம்பி மரக்காணம் உப்பளத்தை மத்தியானம் தாண்டலாம் என்று திட்டம் போடக்கூடாது. அங்கே ஒதுங்க மரமே இல்லை. நாலு மணிக்கே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசித் தூரத்தை முடிப்பதாக அப்பா கணக்கு. இரண்டு பாட்டிலில் ஒன்று உப்பும் எலுமிச்சையும் போட்டது குடிக்க, இன்னொன்று வெறும் தண்ணீர், தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ள. மாற்றி ஊற்றிக்கொண்டால் கண் எரியும், அவருக்கு அது நடந்திருக்கிறது.

டிக்கெட் மாற்றினால் உடனே சொல். அங்கே கிடைக்கும் வாய் அகலமான சைக்கிள் பாட்டில் இரண்டு வாங்கி வரச் சொன்னார் அப்பா, ஐஸ் கட்டி உள்ளே போகிற அளவுக்கு. இங்கே வாங்கினதில் போகவில்லையாம்.

அன்புடன்,
அம்மா