வெரோனாவுக்குப் போகிற மகளுக்கு

ஹம், ஜேர்மனி
வைகாசி

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் சுகம். திங்கட்கிழமை விடியப்புறம் நீ லொறி ஓடவென்று பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது நான் வாசலுக்கு வரவில்லை. முழங்கால் நோகுது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழங்கால் நோவு மெய்தான். ஆனால் வராததற்கு அது காரணமில்லை. இருபத்தாறு வருசம் லொறி ஓடினது என் பிள்ளை ஓடக்கூடாது என்பதற்காகத்தான் என்று உன்னோடு சண்டை பிடித்தேன். "காப்புறுதிக் கந்தோர் கதிரையில ஏழு வருசம் இருந்து பாத்திட்டன் அப்பா, அதில இருந்து ஒரு ஊரும் தெரியேல்லை" என்று நீ சொன்னாய். அதற்கு மறுமொழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனால் சண்டையை விட்டுவிட்டு உனக்கு உதவுகிறதை எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டி வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாக வாசி, அவசரமில்லை.

ட்ரெய்லர் கொளுவின லொறி ஓடுகிற சிஇ லைசன்ஸ் எடுத்துவிட்டாய், தொழிலாக ஓடலாம் என்கிற 95 குறியும் அதில் விழுந்துவிட்டது. பதினாறரை மீற்றர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து சாமான் ஏற்றி இறக்குகிற ராம்பேயில் ஒட்டவைக்க உனக்கு வருகிறது. நான் என் முதல் மாதத்தில் ட்ரெய்லரைக் கொளுவிவிட்டு, பூட்டு விழுந்ததா என்று குனிந்து பார்க்காமல் இழுத்து, கொம்பனி முற்றத்திலேயே அதை முழங்காலில் விழுத்தினவன். உன்னை அந்த விசயத்தில் பழிக்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும்: 'கிளிக்' சத்தத்தை நம்பாதே. கொளுவினபிறகு மெல்ல ஒருக்கால் முன்னுக்கு இழுத்துப் பார், இறங்கி, டோர்ச் அடித்துக் கண்ணால் பார். மழை பெய்தாலும் இறங்கு.

ஓடுகிறதை ஓட்டப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். நிப்பாட்டுகிறதை ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. பிரேக் பிடிக்கிறதைச் சொல்லவில்லை. எங்கே, எப்போது, யாருடைய சொல்லை மீறி நிப்பாட்டுகிறது என்பதைச் சொல்கிறேன்.

நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிசம் நிற்கவேண்டும். பிரிக்கிறதென்றால் முதலில் 15, பிறகு 30. மாறி எடுத்தால் செல்லாது. நாளுக்கு 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் 10. கிழமைக்கு 56, அடுத்தடுத்த இரண்டு கிழமைக்குச் சேர்த்து 90. இதெல்லாம் நீ சோதனைக்குப் பாடமாக்கினதுதான். புத்தகத்தில் இல்லாதது இது: பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஓட்டோபான் பெருந்தெருத் தரிப்பிடங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு நீ போனால், உள்ளே நுழைகிற வளைவிலேயே வாலை வெளியே நீட்டிக்கொண்டு லொறிகள் நிற்கும். அதிலே நீயும் ஒன்றாய் நிற்காதே. பின்னால் நித்திரைக் கலக்கத்தில் வருகிறவனுக்கு அந்த வால் தெரியாது. ஒன்பது மணித்தியாலம் ஓடலாம் என்றால் எட்டாவது மணித்தியாலம் தொடங்கும்போதே இடம் பார். ஓட்டோபானை விட்டு இறங்கினால் ஓட்டோஹோஃப் என்கிற லொறித் தரிப்பிடம் இருக்கும். காசு கேட்பார்கள், பல இடத்தில் அதைச் சாப்பாட்டில் கழித்து விடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தை நட்டம் என்று, ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கிற உன் டிஸ்போ கந்தோர் சொல்லும். சொல்லட்டும்.

டிஸ்போவில் இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு திரை, அதில் நீ ஒரு புள்ளி. புள்ளிக்கு நித்திரை வராது. "இன்னும் இருபது நிமிசம்தானே, இறக்குகிற இடத்துக்கே போய்விடு" என்று கேட்கும்போது குரல் தேன் மாதிரி இருக்கும். ஓடின நேரத்தைப் பதிகிற சாரதிக் கார்டு உன் பெயரில், லைசன்ஸ் உன் பெயரில். பொலிஸ் மறித்தால் கார்டை வாசிக்கிறபோது அந்தக் குரல் பக்கத்தில் இருக்காது. 'முடியாது' என்று சொல்லிவிட்டு, அதையே எழுத்திலும் அனுப்பு. நிற்கிறது ஒரு பலம்தான், பிள்ளை. 2023-இல் ஏ5 ஓட்டோபான் ஓரத்தில் கிரேஃபன்ஹவுசன் தரிப்பிடத்தில் ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் சாரதிகள் அறுபது பேரளவில் சம்பளம் வராததால் லொறியை நிப்பாட்டிவிட்டுக் கிழமைக்கணக்கில் அசையாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். நாங்களும் செய்தியில் பார்த்தோம். ஓடியோடி வாங்க முடியாத காசை நின்று வாங்கினார்கள்.

இனி ஒரு விசயம். அம்மாவுக்கு இதுவரை சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவ வாசித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவா என்றும் தெரியும். பரவாயில்லை.

என் காலத்தில் கார்டு இல்லை. தாகோ என்கிற ஓட்டப் பதிவுக் கருவிக்குள் வட்டமான கடதாசித் தட்டு போடவேண்டும். நடுவில் பெயரை எழுதி மூடினால் ஊசி அதில் கீறிக்கொண்டே போகும்: எவ்வளவு வேகம், எப்போது நின்றாய், எவ்வளவு தூரம். 2006-க்குப் பிறகு வந்த புது வண்டிகளில்தான் இலத்திரனியல் கருவி கட்டாயமானது. கடதாசி என்றால் ஏமாற்றலாம். நேரம் முடிந்ததும் தட்டை வெளியே எடுத்து, வேறொருத்தன் பெயர் எழுதின தட்டைப் போட்டால் நீ புது ஆள். நான் அதைச் செய்தேன். முதலாளி வாய் திறந்து செய் என்று சொன்னதில்லை. செய்யாதவனுக்கு அடுத்த கிழமை நல்ல ஓட்டம் கிடைக்காது, அவ்வளவுதான். அந்த நேரம் ஊரில் இருந்து உன் பெரியப்பா குடும்பம் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போயிருந்தது, காசு அனுப்பவேண்டும். காரணம் சொல்லவில்லை. களவு களவுதான்.

1997 தை மாதம். ஹம்பேர்க் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு ஏ7-இல் தெற்கே போகிறேன். காஸல் மலையேற்றம் இறக்கம், விடியப்புறம் மூன்று மணி. றேடியோ போட்டிருந்தேன், யன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தேன், பல்லுக்குள் மிளகு வைத்துக் கடித்தேன். நித்திரை வருகிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, நல்லாகத் தெரியும். அடுத்த தரிப்பிடம், அடுத்த தரிப்பிடம் என்று இரண்டைக் கடந்துவிட்டேன். பிறகு ஒரு சத்தம், தகரத்தில் கத்தி தீட்டுகிற மாதிரி. கண் திறந்தால் வலப்பக்கக் கண்ணாடி மடிந்து தொங்குகிறது, ட்ரெய்லர் தடுப்புக் கம்பியில் உரசிக்கொண்டு வருகிறது. மூன்று செக்கன் இருக்கும். மணிக்கு 80-இல் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர். அறுபது மீற்றருக்கு மேல் அந்த லொறி ஆளில்லாமல் போயிருக்கிறது.

அடுத்த இடத்தில் நிப்பாட்டினேன். திறப்பை வெளியே எடுக்கக் கை வரவில்லை. விரல் மடங்கவில்லை. யாராவது வண்டி பழுதாகி அந்த ஓரத்தில் நின்றிருந்தால் என்று அப்போது நினைக்கவில்லை. உனக்கு மூன்று வயது, மாட்டு வண்டிப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தாய், அது வாங்கவில்லையே என்றுதான் நினைத்தேன். மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. வீட்டுக்கு வந்து, தரிப்பிடத்தில் ஒரு ஒல்லாந்துக்காரன் பின்னுக்கு எடுக்கும்போது கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். பாவம், அந்த ஒல்லாந்துக்காரனை அம்மா கனகாலம் திட்டினா. கண்ணாடிக் காசைச் சம்பளத்தில் வெட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது தட்டு நான் தொட்டதில்லை. மூன்று மாதத்தில் அந்த வேலையும் போனது.

உன் கார்டை அந்தக் கடதாசித் தட்டு மாதிரி லேசாக மாற்ற முடியாது என்பதில் எனக்கு இருக்கிற நிம்மதி உனக்கு விளங்காது. எல்லாரும் அந்தக் கருவியைக் காவல்காரன் என்று திட்டுவார்கள். நீ திட்டாதே. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: உனக்கு நித்திரை வருகிறதா என்று அதற்குத் தெரியாது. மூன்று மணித்தியாலத்திலேயே கண் கனத்தால் அங்கேயே நில். மிளகு வேலை செய்யாது.

முதல் ஓட்டமே வெரோனா என்றாய். அப்படியென்றால் ஒஸ்திரியாவில் இருந்து இத்தாலிக்குப் போகிற பிரென்னர் மலைக்கணவாய். என் காலத்தில் சுவிஸ் 28 தொன்னுக்கு மேல் உள்ளே விடாது. 40 தொன்காரர் எல்லாரும் பிரென்னரில்தான் வந்து குவிவோம். 2005-இல் சுவிஸும் 40 விட்டது. ஆனாலும் பிரென்னரில் கூட்டம் குறையவில்லை, வருசத்துக்கு இருபது இலட்சத்துக்கு மேல் லொறி போகிறது. ஒஸ்திரியாவின் திரோல் மாநிலத்துக்காரர் சில நாட்களில் எல்லை ஊரான குஃப்ஸ்டைனில் மறித்து மணிக்கு இத்தனை லொறி என்று எண்ணி விடுவார்கள். வரிசை ஜேர்மனியின் பயேர்ன் பக்கம் நீளும். பிரென்னர் பாதையில் உள்ள லூக் பாலம் பழுதடைந்ததால் 2025 தொடக்கத்தில் இருந்து அதில் அனேகமாகப் பக்கத்துக்கு ஒற்றை வரிதான். வரிசையில் ஊர்கிறதும் ஓட்டம்தான். மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ரோசன்ஹைமுக்கு முன்னமே 45 நிமிசத்தை முடித்துக்கொண்டு வரிசைக்குள் போ. எந்த நாளில் மறிப்பார்கள் என்று முன்கூட்டியே அட்டவணை விடுவார்கள், டிஸ்போவிடம் கேட்டு வாங்கு.

ஏறுகிறது பயமில்லை. உச்சி 1,370 மீற்றர், வண்டி முனகிக்கொண்டு ஏறிவிடும். இத்தாலிப் பக்கம் இறங்குகிறதுதான் விசயம். இறக்கம் தொடங்க முன்னமே கியரைக் குறை, கால் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கிற ரிட்டார்டரைப் போடு. கால் பிரேக்கை அடிக்கடி தொட்டுக்கொண்டு போனால் அது சூடேறி, கடைசியில் நீ மிதிக்கிறது வெறும் மிதியாகிவிடும். 1987 ஆடியில் ஹெர்போர்ன் என்ற சின்ன ஊருக்குள் எண்ணெய்த் தாங்கி ஒன்று மலையில் இருந்து பிரேக் இல்லாமல் இறங்கி ஐஸ்கிரீம் கடைக்குள் போய் எரிந்தது. நான் அப்போது கோப்பை கழுவுகிற வேலையில் இருந்தேன், சமையலறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். லொறி லைசன்ஸ் எடுத்து முதன்முதல் ஒரு இறக்கத்தின் உச்சியில் நின்றபோது அந்த ஊர்தான் கண்ணுக்குள் வந்தது. பின்னால் வருகிறவன் விளக்கு அடிப்பான், கோன் அடிப்பான். அவனுக்குப் பொறுமை இல்லாதது உன் பிரச்சினை இல்லை.

உன் பையின் அடியில் நான் வைத்ததைப் பார்த்திருப்பாய். தோல் கையுறை, டோர்ச், பழைய செம்மஞ்சள் பட்டி ஒன்று. பட்டி பாரம் கட்ட இல்லை. பாரத்துக்கு வண்டியில் இருக்கிறதைப் போடு, கீழே றப்பர் பாயும் விரி. பாரம் முன்னுக்கு வழுகாமல் இருக்க அதன் எடையில் 80 வீதத்தைத் தாங்குகிற மாதிரிக் கட்டு. படங்கு ஒன்றையும் பிடிக்காது. இந்தப் பட்டி இரவுக்கு. படுக்க முதல் இரண்டு கதவின் உள்கைபிடியையும் இதால் குறுக்கே சேர்த்துக் கட்டு. வெளியே இருந்து பூட்டைத் திறந்தாலும் கதவு அகலாது. ஒரு இழுவையில் கழலுகிற மாதிரிக் கட்டு, நெருப்பென்றால் நீ வெளியே பாயவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகு. படங்கைக் கிழித்துச் சாமான் எடுக்கிறவன் வந்தால் இறங்காதே. கோனை அமத்து, பொலிசுக்கு எடு. சாமானுக்குக் காப்புறுதி இருக்கிறது, அது எப்படி என்று என்னை விட உனக்குத் தெரியும்.

அம்மா முதலில் கேட்டது கக்கூஸ் விசயம். நான் அதை யோசித்ததே இல்லை, ஆம்பிளைக்கு மரம் போதும். ஓட்டோபான் கடைகளில் 1 யூரோ. ஏற்றி இறக்குகிற சில இடங்களில் சாரதிக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். கேட்டுச் சண்டை பிடி, வெட்கப்படாதே. மற்றதெல்லாம் உனக்கு அம்மா தொலைபேசியில் சொல்லுவா.

காஸ் அடுப்பை வண்டிக்குள் வைத்துச் சமைக்காதே, மழையென்றாலும் வெளியே.

ஞாயிறு இரவு 10 மணி வரை ஜேர்மனியில் உன்னை ஓட விடமாட்டார்கள். திரும்பி வரும்போது சனி இரவு எங்கே நிப்பாட்டுகிறாய் என்று சொல்லு. வீட்டில் இருந்து 200 கிலோமீற்றருக்குள் என்றால் நானும் அம்மாவும் காரில் வருகிறோம். ஏ2 ஓரத்தில் நம்முடைய அம்மன் கோயிலுக்குப் பக்கம் என்றால் இன்னும் நல்லது, அருச்சனையையும் முடித்துவிடலாம். அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவருவா. மீன் வேண்டாமாம், லொறிக்குள் மூன்று நாள் மணக்குமாம். நான் மூன்று நாள் இல்லை, ஒரு கிழமை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டா.

அப்பா