பத்து வெடியும் ஒரே தாளில்

மட்டக்களப்பு
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள்,

நீயே மருந்து நிரப்பிய தோட்டாக்களால் சுட்ட இலக்குத் தாள்கள் என்று நீ அனுப்பிய மூன்று படங்களையும் தம்பியின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் பிடிக்கவில்லை. அதனால் அவனைக்கொண்டு பிரிண்ட் எடுப்பித்து நகைப் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். முதல் தாளில் மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டபடி, தோட்டில் மூன்று கல் பதித்ததுபோல இருக்கின்றன. கீழே “முடிஞ்சுது அப்பா” என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது தாள் அடுத்த கிழமை சுட்டது. அதே மருந்து, அதே அளவு, அதே குண்டு, ஆனால் ஓட்டைகள் ஒரு தீப்பெட்டி நீளத்துக்குத் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. மூன்றாவது அதைவிட மோசம். எங்கே பிழை விட்டேன் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் ஓம் ஓம் என்றுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாய். ஆகவே எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

முதல் தாளை நம்பினாய் பார், பிழை அங்கேதான். ஒருவர் பழைய சங்கிலி கொண்டுவந்தால் ஓரிடத்தில் மட்டும் உரைத்துப் பார்த்து நான் விலை சொல்வதில்லை. கொழுக்கியில் ஒரு தரம், நடுக் கண்ணியில் ஒரு தரம், பொடி வைத்து ஊதிய ஒட்டில் ஒரு தரம் என்று கல்லில் வரிசையாக இழுத்துப் பார்ப்பேன். மூன்று வெடி தற்செயலாகவும் ஒன்றுசேரும். ஐந்து வெடி கொஞ்சம் உண்மை சொல்லும். துவக்கின் சுபாவம் தெரியப் பத்து வெடியாவது வேண்டும். வெடி கூடக் கூட வட்டம் பெருக்குமே தவிர ஒருநாளும் சுருங்காது. அப்படிப் பார்த்தால் இரண்டாவது தாளில் உன் துவக்கு கெட்டுப்போகவில்லை. முதல் நாள் மறைத்ததைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பத்தையும் ஒரே நாளில் சுட வேண்டாம். குழல் சூடேறினால் குண்டு இடம் மாறும். தோளும் களைத்துவிடும். 286 கிரெயின், அதாவது பதினெட்டரைக் கிராம், குண்டு தள்ளும் தள்ளுக்கு, இருபது வெடிக்குப் பிறகு விசையை இழுக்கும் முன்பே உடம்பு சுருங்கத் தொடங்கும் என்று நீயே சொன்னாய். ஒரே தாளை வைத்துக்கொண்டு, போகும் நாளெல்லாம் குழல் குளிர்ந்திருக்க இரண்டு வெடி மட்டும் வை. வேட்டையில் நீ வைக்கப்போகும் வெடியும் அந்தக் குளிர்ந்த குழலின் முதல் வெடிதானே. ஐந்து நாள் போனால் பத்து ஓட்டை விழுந்துவிடும். அந்தத் தாளை நான் நம்புவேன்.

இனி மூன்றாவது தாள். அதன் ஓரத்தில் சின்னதாக “கடையில் முந்தின பிரைமர் இல்லை, வேறு வாங்கினேன்” என்று எழுதியிருக்கிறாய். இதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நீ வைத்திருந்த மருந்தளவு, தோட்டா நிரப்பும் புத்தகத்தின் மேல் எல்லைக்குக் கிட்ட. தோட்டாவின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ வைக்கும் பிரைமர் மாறினால் தீ பற்றும் விதம் மாறும், உள்ளே எழும் அமுக்கம் மாறும். குண்டோ, மருந்து நிரப்பும் பித்தளைக் கோதோ மாறினாலும் அப்படித்தான். எது மாறினாலும் புத்தகத்தில் தொடக்க அளவு என்று போட்டிருக்கும் இடத்துக்கு, பத்து வீதமளவு கீழே, இறங்கி அங்கிருந்து ஏறி வா. துவக்கைத் திறக்கும் போல்ட் தூக்கக் கனத்தால், அல்லது பிரைமர் நசிந்து அதன் விளிம்பு மறைந்தால், உடனே நிறுத்து. அந்த அடையாளங்கள் தெரியவில்லை என்பதற்காகவும் பயமில்லை என்று எண்ணாதே, அவை பிந்தித்தான் வரும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல் மட்டும் இருக்கட்டும். மற்றவை அலுமாரிக்குள்.

துவக்கு என்பது இந்த வீட்டில் லேசான சொல் இல்லை என்று உனக்குத் தெரியும். 1990இல் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடிய நாட்களுக்குப் பிறகு, கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினாலும் அம்மா எழுந்து கதவடிக்குப் போவாள். நீ வேட்டைக்குப் பழகுகிறேன் என்று சொன்ன அன்று அவள் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. மூன்று வருசத்துக்கு முன் கனடாவில் அல்பேட்டாவுக்கு வந்து உன் கராஜில் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் என் மனம் ஆறியது. கோதைத் துடைத்து, கழுத்தை நெருக்கி, நீளம் பார்த்துச் சீவி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகினாய். இது என் வேலை மாதிரித்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த 9.3 மில்லிமீற்றர் துவக்கின் தோட்டாவை ஒட்டோ பொக் என்பவர் 1905இல் பேர்லினில் வடிவமைத்தாராம், இன்றைக்கும் மாற்றமில்லாமல் ஓடுகிறதாம் என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை வந்து அம்மாவிடம் சொன்னேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். என் பெரியமாமாவுக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வட்டை. வேளாண்மை விளையும் காலத்தில் பன்றி இறங்கும். மாமா இடியன் துவக்கோடு பரணில் காவல் இருப்பார். மருந்தை உள்ளங்கையில் கொட்டி, இவ்வளவு காணும் என்று குழலில் போட்டு இடிப்பார். சில இரவு துவக்கு தோளை உடைக்கும், சில இரவு இருமும். இருமிய இரவொன்றில் ஒரு பன்றிக்குப் பின்தொடையில் பட்டு, அது காட்டுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் வாய்க்கால் பற்றைக்குள் அதைக் கண்டோம். உயிரோடு கிடந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமா அன்றைக்கே உன் அப்பப்பாவிடம் வந்து, ஒரே அளவாக மருந்து அள்ள ஏதாவது செய்துதரச் சொன்னார். அப்பப்பா ஒரு பித்தளைக் குழாயை வெட்டி, அடி வைத்து ஊதி, உள்ளே அரம் பிடித்து ஒரு சிமிழ் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் துவக்கு இருமியதாக நான் கேள்விப்படவில்லை.

நீ சுடப் போகும் மூஸ் என்ற பெரிய மான் நானூறு கிலோவுக்கு மேல் நிற்கும் மிருகம். அதன் நெஞ்சு அகலத்துக்கு, 150 மீற்றருக்குள், தீப்பெட்டி நீளம் விரிந்தாலும் போதும் என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டதற்கு. மூச்சு வாங்க, குளிரில் விரல் விறைக்க, மரத்தில் சாய்ந்து சுடும்போது வரும் பிழை அதற்கு மேல் ஏறும். ஆகவே தோட்டாவின் பக்கம் இருந்து வரும் பிழையை நீ முடிந்தமட்டும் குறைத்துக் கொடு. மிச்சம் உன் கையில். வீட்டில் வெறுந்துவக்கை, இரண்டு தரம் திறந்து பார்த்து வெறுமை என்று உறுதிசெய்துகொண்டு, விசை மட்டும் இழுத்துப் பழகு. மருந்தைத் திருத்துவதைவிட அது உனக்கு அதிகம் தரும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நிறுவை பற்றி. 0.2 கிரெயின் கூட்டிக் கூட்டி எட்டுவிதமாகச் சுட்டிருக்கிறாய். உன் கோது ஐம்பது கிரெயினுக்கு மேல் மருந்து பிடிக்கும். அதில் 0.2 அரை வீதம்கூட இல்லை. அந்த வித்தியாசத்தை மூன்று வெடியில் எந்தத் தாளும் காட்டாது. இன்னும் அகலமாகக் கால் வைத்து ஏறு. எல்லைக்குக் கிட்டப் போனபிறகு சின்ன அடி வை.

உன் மின்தராசு மேசையில் ஹீட்டருக்கு நேரே இருந்ததை நான் அன்றே கவனித்தேன். வந்த இடத்தில் குறை சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே பொன் நிறுக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் நிறுப்போம் என்று சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறாய். சூட்டுக் காற்று தட்டை அசைக்கும், சூடு மாறினால் எண்ணும் நகரும். தராசைப் போட்டு அரைமணி நேரம் விட்டு, படிக்கல் வைத்துச் சரிபார்த்துவிட்டு நிறு. 1978 சூறாவளியில் கூரை பறந்தபோது அப்பப்பா நகைப் பெட்டியை அப்பம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தராசுப் பெட்டியைத்தான் தன் மடியில் வைத்திருந்தார். அந்தக் கிரெயின் கணக்கும் நமக்குப் புதிதில்லை. ஒன்று 64.8 மில்லிகிராம். குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின். பவுன் ஒன்று 123. உன் குண்டு இரண்டேகால் பவுனுக்குச் சற்றுக் கூட.

கோதின் கழுத்து ஏன் கீறல் விட்டு வெடித்தது என்பதற்கு நான் உறுதியாகவே பதில் சொல்வேன், அது என் தொழில். ஒரே கோதை ஆறாம் தரம் நிரப்பியதாக எழுதியிருக்கிறாய். சுடும்போது கழுத்து விரிகிறது, நெருக்கும்போது சுருங்குகிறது. தட்டத் தட்டக் கம்பி இறுகுவதுபோல அந்தப் பித்தளையும் இறுகும். இறுகியது குண்டை ஒன்றுக்கொன்று வேறு பிடியாகப் பிடிக்கும், கடைசியில் வெடிக்கும். உன் ஓட்டைகள் சிதறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளிக் கம்பியை நடுவில் காய்ச்சித் துவளவைத்துத்தானே மறுபடி இழுப்போம்? அதையே செய். லைட்டை அணைத்துவிட்டுக் கழுத்தை மட்டும் தீயில் சுற்று. இருட்டில் மங்கலாகச் சிவப்புத் தொடங்கும் கணத்தில் எடுத்துவிடு, தொடர்ந்து பிடிக்காதே. பித்தளையில் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். மிஞ்சிச் சுட்டால் கழுத்து குண்டைப் பிடிக்கமாட்டாத அளவுக்குத் தொய்ந்துவிடும். தண்ணீரில் போட்டால் இறுகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அது இரும்புக்கு, பித்தளைக்கு இல்லை. ஆனால் ஒன்று, கோதின் அடிப்பக்கத்துக்குச் சூடு ஏறவே கூடாது. வெடியின் அமுக்கத்தைத் தாங்குவது அந்த அடிதான். அது இளகினால் உன் முகத்துக்குப் பக்கத்தில் பிளக்கும். அடியைத் தண்ணீரில் நிற்கவைத்துக் காய்ச்சு. ஏற்கெனவே வெடித்தவற்றைச் சேர்த்து வைக்காதே, நசித்துவிட்டுப் பழைய பித்தளைக்குப் போடு.

செப்புக் குண்டுக்கு மாறலாமா என்று கேட்டாய். மாறு. சுட்ட மிருகத்தின் எறிந்த குடலோடு ஈயத் துணுக்கு கிடக்க அதைத் தின்னும் கழுகுகள் சாகின்றன என்று நீ சொன்னதே எனக்குப் போதும். பட்டறையிலும் ஈயத்தை நாங்கள் பொன்னுக்குக் கிட்ட விடுவதில்லை, துளி கலந்தாலும் பொன் நொறுங்கும். ஆனால் செம்பு ஈயத்தைவிட இலேசு. ஒரே நிறைக்கு நீளம் கூட, கோதுக்குள் அதிக இடம் பிடிக்கும். பழைய அளவை அதற்குக் கொண்டுபோகாதே, அந்தக் குண்டுக்கென்று உள்ள பக்கத்தைப் பார். எவ்வளவு ஆழம் செருகுவது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தோட்டா அடுக்கும் மகசீனில் இருந்து அது தடங்கலில்லாமல் ஏறவேண்டும். மகசீனை நிரப்பிச் சில வெடி வைத்துவிட்டு, உள்ளே மிஞ்சிய கடைசித் தோட்டாவின் நீளத்தை அளந்து பார். உதைப்பில் குண்டு உள்ளே போயிருந்தால் கழுத்தின் பிடி காணாது.

கோடையில் பார்த்த அளவு குளிரில் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஒக்டோபரில், நீ வேட்டைக்குப் போகும் உடுப்போடு, ஒருதரம் அந்தத் தோட்டாவைச் சுட்டுப் பார். தடித்த ஜக்கெட் தோளில் துவக்கு நிற்கும் இடத்தையே மாற்றிவிடும். அந்தப் பத்து ஓட்டைத் தாளை மட்டும் தபாலில் அனுப்பு. எனக்குப் படம் வேண்டாம், விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பின்பக்கத்தில் திகதி, மருந்து, அளவு, பிரைமர், கோது எத்தனையாம் தரம், அன்றைய குளிர் எல்லாம் எழுது.

அம்மா மிளகாய்த்தூள் இடித்துக் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் சித்தி அங்கே வரும்போது கொடுத்துவிடுகிறேன். மூஸ் இறைச்சிக்கு இது காணாது, தேங்காய் வறுத்து அரைத்துப் போடச் சொல் என்று இப்போது அடுப்படியில் இருந்து கத்துகிறாள். அதே பொட்டலத்துக்குள் அப்பப்பாவின் பெட்டியில் இருந்து 5 கிராம் படிக்கல் ஒன்று வைத்திருக்கிறேன், தூளுக்குள் தேடு. கையால் தொடாதே, சாமணத்தால் எடு. உன் தராசு அதற்கு 77.2 கிரெயின் காட்டவேண்டும். காட்டாத அன்றைக்கு மருந்துப் போத்தலைத் திறக்காதே.

அன்புடன்
அப்பா