'கஞ்சா போதையில்' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைச் செய்திப் பக்கங்களில் 'கஞ்சா போதையில் வெறிச்செயல்' என்ற தலைப்பு வாடிக்கையாகிவிட்டது. சட்டம் தனித்தனியே பார்க்கும் போதை, மனநோய் என்ற இரண்டு நிலைகள் அந்தத் தலைப்பில் ஒன்றாகிவிடுகின்றன.

தானாக ஏற்றிக்கொண்ட போதை யாரையும் காப்பாற்றாது. தெரியாமலோ, விருப்பத்துக்கு மாறாகவோ போதை கொடுக்கப்பட்டு அறிவிழந்தவருக்கு மட்டுமே பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 23-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மற்றவருக்கு, தெளிவாக இருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அது இருந்ததாகவே 24-ஆம் பிரிவு கொள்ளும். உள்நோக்கத்தை மட்டும் சூழ்நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்பது 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாசுதேவ் வழக்கிலிருந்து வரும் நிலை.

22-ஆம் பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 84) வேறு. செயலின்போது சித்த சுவாதீனம் இழந்து, தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாதவர் செய்தது குற்றமே ஆகாது. நீண்டநாள் கஞ்சா புகைத்தவருக்குப் போதை இறங்கிய பிறகும் காதில் குரல் கேட்பதும், 'சோத்துல விஷம் வச்சிட்டாங்க' என்ற சந்தேகமும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். நிறுத்தி ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தால், அடியில் வேறு மனநோய் இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். குடிநோயாளிக்கோ, கடைசிக் குடிக்குப் பின் 2 முதல் 4 நாளுக்குள் நடுக்கம், குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். அப்போது ரத்தத்தில் மதுவே இருக்காது. அதையும் 'போதை' என்று எழுதுவது பிழை.

சிறுநீர்ப் பரிசோதனையும் இதைத் தீர்க்காது. தினமும் புகைத்தவருக்குக் கஞ்சா சில வாரம் வரை காட்டும். சம்பவ நேரத்தில் போதையில் இருந்தாரா என்று அது சொல்லாது.

வழக்கு கெடுவது பெரும்பாலும் முதல் நாளில். கைதானவரை மருத்துவமனையில் காயம் உண்டா என்று பார்த்து, 'நினைவுடன் உள்ளார்' என்று ஒரு வரி எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. மாதங்கள் கழித்து, சிறையில் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவரை மனநல மருத்துவர் பார்த்து, விசாரணைக்குத் தகுதியானவர் என்று சான்று தருகிறார். அதோடு 22-ஆம் பிரிவு வாதத்தையே கைவிடுகிறார்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 367, 368 பிரிவுகள் கேட்பது இன்றைய மனநிலையை. 22-ஆம் பிரிவு கேட்பது அன்றைய மனநிலையை. ஒன்றுக்கான சான்று மற்றதற்கு விடையாகாது.

எனவே முதல் ரிமாண்டின்போதே குடும்பத்தார் நீதித்துறை நடுவரிடம் மனநலப் பரிசோதனை கேட்டு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம் (15100). பழைய ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை எதையும் எறியக் கூடாது. பெண் கிடைக்காது என்று பயந்து அவற்றைக் கிழித்துப்போடும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. கிழிவது அந்தப் பிள்ளைக்கான சாட்சியம். தொலைந்திருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 25-ஆம் பிரிவின்படி நோயாளி தன் ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலில் தங்கவைத்ததையோ மந்திரித்ததையோ மறைக்க வேண்டாம். நோய் முன்பே இருந்ததற்கு அதுவும் அடையாளம். வாட்ஸ்அப் குரல்பதிவுகள் இருந்தால் கைபேசியை அப்படியே ஒப்படைக்க வேண்டும். சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் நகல் செல்லாது.

சித்த சுவாதீனம் இழந்திருந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று தாஹ்யாபாய் வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பவத்துக்கு முன்னும் அப்போதும் பின்னும் நடந்ததை நீதிமன்றம் பார்க்கும். அரிவாளை வாய்க்காலில் வீசி ஓடினாரா, உடல் அருகிலேயே உட்கார்ந்திருந்தாரா? மருத்துவச் சீட்டு மட்டும் கையில் இருந்தால் வெல்ல முடியாது.

இறந்தவர் குடும்பத்துக்கும் ஒன்று தெரிய வேண்டும். 22-ஆம் பிரிவின்படி விடுதலை செய்தால், செயலைச் செய்தவர் அவர்தானா என்று தீர்ப்பிலேயே குறிப்பிட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 373). அவரைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவோ, பிணையோடு உறவினரிடம் ஒப்படைக்கவோ ஆணையிடலாம் (374). சும்மா அனுப்பிவிடுவதில்லை.

அடிதடிக்கு முன்பே வழி உண்டு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு. 'போதையில கத்துறான், காலையில சரியாயிடும்' என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இத்தகைய செய்திகளின் அடியில் இந்த எண்ணையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
கும்பகோணம்