சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது

திருகோணமலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சிவா,

அப்பாவின் சைக்கிள் திரும்பக் கிடைத்துவிட்டது. உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இந்தச் செய்தியோடுதான் பதில் எழுதவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன், கோபிக்காதே. செவ்வாய்க்கிழமை பிற்பகல் டச்சுக் குடாப் பக்கமாக அதை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. வழியில் இரண்டு பேர் ஏற்றிவிடட்டுமா என்று முச்சக்கர வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். ஒன்பது மாதம் கழித்து அதன் கைப்பிடி என் கைக்குள் வந்திருக்கிறது, ஏன் விடவேண்டும்?

களவு போன கதை உனக்குத் தெரியும். சந்தைக்கு வெளியே பூட்டிவிட்டுப் போனேன், மீன் வாங்கித் திரும்பும்போது பூட்டு மட்டும் நிலத்தில் கிடந்தது. அன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தேன். எழுதியவர் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். தமிழில் எழுதச் சொன்னேன். 1988இல் வந்த பதினாறாவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய மொழி தமிழ். அதைக் கேட்டு வாங்கியதால் பிறகு எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டு மாதத்தில் ஓர் இளைஞனைப் பிடித்தார்கள். அவன் விற்றிருந்த பழைய சாமான் கடையிலிருந்து ஏழெட்டுச் சைக்கிள்களைக் கைப்பற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். என்னை அழைத்தார்கள். பார்த்ததும் கண்டுகொண்டேன். அப்பாவினது ராலே சைக்கிள் அல்லவா, அதன் முன்பக்கத்தில் இருக்கும் கொக்குத் தலை முத்திரையை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பல் தொட்டுத் துடைப்பார், நினைவிருக்கிறதா? அதன் அலகு தேய்ந்து மழுங்கிப்போயிருக்கும். அந்தத் தேய்வு ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. “சரி ஐயா, வழக்கு முடியட்டும், தருகிறோம்” என்றார்கள்.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். அவர்கள் சொன்னதை நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒருமுறை பொறுப்பதிகாரி இல்லை, இன்னொரு முறை கோப்பு நீதிமன்றத்தில் இருக்கிறது, மற்றொரு முறை அடுத்த தவணைக்குப் பிறகு வரச் சொன்னார்கள். யாரும் ஏசவில்லை. ஒருவர் கதிரைகூடத் தந்தார். ஆனால் கார்த்திகை, மார்கழி மழை முழுவதும் அது நிலையத்தின் பின்வளவில் திறந்த வெளியிலேயே கிடந்தது. தை மாதம் போனபோது மிதிகட்டையைச் சுற்றிக் கோவைக் கொடி ஏறியிருந்தது. சங்கிலி ஒரே செம்மண் நிறம். இருக்கையின் அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அதன் தாங்கிக்குள் ஆலங்கன்று. எத்தனை பேருடைய உழைப்பு அந்த வளவில் மக்கிக்கொண்டிருக்கிறது, சிவா! அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் அத்தனை மாதம் நான் வாய் திறக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நம்முடைய தலைமுறை அப்படிப் பழகிவிட்டது. 1985இல் காவலரணில் அப்பாவின் வானொலியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டுக் கடதாசிகூடத் தரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. உயிரோடு வீடு வந்ததே போதும் என்றார். அந்தக் காலத்தில் அது சரியான பேச்சு. அதையே நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அந்தக் கோவைக் கொடியைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

அடுத்த நாளே ஓர் இளம் சட்டத்தரணியிடம் போனேன். என் பழைய மாணவி. அவள் முதலில் கேட்டது, “சேர், நீங்கள் ஏன் பொலிஸாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?” என்றுதான். களவுப் பொருள் என்று சந்தேகித்துப் பொலிஸார் ஒன்றைக் கைப்பற்றினால், அதை உடனே நீதவானுக்கு அறிவிக்கவேண்டும். அது யாரிடம் போகவேண்டும் என்று கட்டளையிடுவது நீதவான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவை எடுத்துக் காட்டினாள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நாம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்குப் போன அதே வருடம்! வழக்கு முடியும்வரை காத்திருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உரியவர் மனுச் செய்தால் இடையிலேயே பிணைமுறியில், அதாவது கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன் என்று எழுதிக் கொடுத்த உறுதியில், விடுவிக்கலாம். உரியவர் யார் என்று தெரியாவிட்டால் அறிவித்தல் ஒட்டி ஆறு மாதம் பார்ப்பார்கள். அதற்குள் ஒருவரும் உரிமை கோரி நிரூபிக்காவிட்டால் பொருள் அரசின் கைக்குப் போய்விடும், விற்றும் விடலாம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

சைக்கிளை விடுவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்தாள். அடுத்த தவணையில் வழக்கைக் கூப்பிட்டார்கள். பழைய சாமான் கடைக்காரரும் வந்திருந்தார். தானும் காசு கொடுத்துத்தான் வாங்கியது என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது, அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் திருடியவனுக்கே இல்லாத உரிமை அவனிடம் வாங்கியவருக்கு எப்படி வரும் என்று என் மாணவி கேட்டாள். அவர் தன் காசைத் திருடியவனிடம்தான் தேடவேண்டும்.

பிறகு நீதவான் என்னைப் பார்த்து, இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். பற்றுச்சீட்டு ஏது? 1990இல் வீட்டை விட்டு ஓடியபோது அலுமாரியோடு எல்லாம் போயிற்று. என்னிடம் இருந்தது முறைப்பாட்டின் பிரதி ஒன்றுதான். அதில் நான் சொன்னபடியே தமிழில் எழுதியிருந்தது: கொக்கின் அலகு மழுங்கியிருக்கும், கரியர் இடப்பக்கம் வளைந்திருக்கும், பாரின் அடியில் “சி” என்று கீறியிருக்கும். பார்த்து அறிக்கை தரும்படி பொலிஸாருக்குச் சொன்னார். மறுநாள் நிலையத்து வளவில் ஒரு சார்ஜன்ட் முழங்காலில் இருந்து, கைபேசி வெளிச்சத்தை அடித்து, துருவை விரலால் தேய்த்துப் பார்த்தார். “இருக்கிறது” என்றார்.

அது உன் எழுத்து, மச்சான். கவராயத்தால் நீ கீறியது. அப்பா உன்னைத் துரத்தியதும், நீ பத்திரகாளி அம்மன் கோவில்வரை ஓடியதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இதோடு இன்னொன்றும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. 2025 மே மாதம், போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் மீட்டதென்று இராணுவம் வைத்திருந்த தங்க, வெள்ளி நகைகளைப் பொலிஸாரிடம் கையளித்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பாய். அந்தச் சங்கிலிகளில் ஒவ்வொன்றையும் ஒரு பெண் தன் கழுத்திலிருந்து கழற்றி அடகு வைத்தோ கொடுத்தோ இருப்பாள். அடகுத் துண்டை முள்ளிவாய்க்கால்வரை யார் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்? ஒரு பழைய சைக்கிளுக்கே நான் இத்தனை பாடுபட்டேன். அந்தச் சங்கிலியின் கொழுவி நெளிந்த இடம், அதில் கோத்த காசு தேய்ந்த பக்கம் அவளுக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவேண்டும். துண்டு இல்லை என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் அது பெரிய பாவம்.

இனி உன் மைத்துனரின் உழவு இயந்திரம். அதை என் சைக்கிளோடு ஒப்பிடாதே. மரம் ஏற்றியபோது பிடித்ததாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் வனக் கட்டளைச் சட்டம் வரும். அதில் சாரதி குற்றவாளியானால் வாகனத்தையே பறிமுதல் செய்யலாம். குற்றம் நடக்காமலிருக்கத் தன்னால் இயன்ற முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்ததாக உரிமையாளர் நிரூபிக்கவேண்டும். சாரதிக்கு அவர் என்ன சொல்லியிருந்தார், யார் முன்னால் சொன்னார் என்பதையெல்லாம் மறக்குமுன் எழுதிவைக்கச் சொல். பதிவுப் புத்தகம் அவர் பெயரில் இருக்கிறதா? லீசிங்கில் இருந்தால் நிதி நிறுவனத்தின் கடிதமும் தேவைப்படும். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்று சும்மா இருக்கவேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கைப்பற்றியதற்கான பற்றுச்சீட்டும் வழக்கு இலக்கமும் இன்னும் கையில் இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேட்கச் சொல்.

எனக்குத் தந்தது பிணைமுறியில்தான். விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது, கூப்பிடும்போது நீதிமன்றத்தில் காட்டவேண்டும். வழக்கு இலக்கம் எழுதிய மட்டை இன்னும் கைப்பிடியில் கம்பியால் கட்டியபடியே இருக்கிறது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன், புதுக் காற்றுக்குழாய் போட்டேன். நீ ஆடி அமாவாசைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கரியர் வளைந்தே இருக்கிறது, வழக்கு முடியும்வரை அதில் கை வைக்கமாட்டேன். நீ பழையபடி பாரில்தான் ஏறவேண்டும். கன்னியாவரை என்னால் இப்போது மிதிக்க முடியாது. உப்புவெளிவரை போகலாம்.

உன்,
ராசன்