கார்டிகன் பிரபு கொடுத்த விலையையும் சொல்லுங்கள்

லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று பாலக்ளாவாவில் பிரிட்டிஷ் தளபதி ரேக்லன் பிரபு, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கச் சொல்லி அனுப்பிய உத்தரவுச் சீட்டு உங்களிடம் இருக்கிறது. எந்தப் பீரங்கிகள் என்று அதில் தெளிவாக இல்லை. மேட்டில் நின்ற ரேக்லனுக்குத் தெரிந்தது, பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய 670 குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சீட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வீரர்களை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபு அந்தப் பதவிக்கு எப்படி வந்தார் என்பதையும் அதே அளவுக்குப் பேசுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பணம் கொடுத்துப் பதவியை வாங்கினார்; அன்று பிரிட்டிஷ் படையில் அதிகாரிப் பதவிகள் விற்கப்பட்டன. குதிரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு அரசு வைத்த விலை 6,175 பவுண்ட். உண்மையில் கைமாறியது பல மடங்கு. 1824-இல் படையில் சேர்ந்தவரிடம் 1832-இல் 15-ஆவது ஹுஸ்ஸார் (இலகுரகக் குதிரைப்படை) படைப்பிரிவே வந்துவிட்டது. அதற்கு 35,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தார் என்கிறார்கள். இரண்டே ஆண்டில், தன் கீழ் இருந்த கேப்டன் வாத்தன்மீது அவர் சுமத்திய குற்றங்களை இராணுவ நீதிமன்றம் ஏற்கவில்லை, கார்டிகனின் பதவியே பறிபோனது. சரி, அதோடு முடிந்திருக்க வேண்டாமா? 1836-இல் 11-ஆவது படைப்பிரிவுக்குத் தலைவராகிவிட்டார்.

அந்தப் பிரிவு அப்போது இந்தியாவில் இருந்தது. அங்கே வருடக்கணக்கில் வேலை பார்த்த அதிகாரிகள் அவருக்கு இளக்காரம். 1840-இல் விருந்து மேசையில் ஒயின் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றப்படாமல் கறுப்புப் புட்டியிலேயே வந்ததற்காக கேப்டன் ரெனால்ட்ஸைக் காவலில் வைத்தார். அதே ஆண்டு, முன்னாள் அதிகாரி டக்கெட்டைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் காயப்படுத்தினார். பிரபுக்கள் சபையே விசாரித்தது. காயப்பட்டவரின் முழுப்பெயர் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி விடுதலை! படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது.

அவர் கோழை அல்ல. 57 வயதில் எல்லோருக்கும் முன்னால் குதிரையில் போனார், பீரங்கி வரிசையைத் தொட்டார். ஆனால் கிரிமியாவுக்கு வரும் முன் ஒரு போரையும் பார்த்ததில்லை. பக்கத்திலேயே 17-ஆவது லான்சர் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) பிரிவை நடத்திய கேப்டன் மோரிஸ், இந்தியாவில் நடந்த சீக்கியப் போரில் அலிவாலில் சண்டையிட்டவர். அன்று காலை பின்வாங்கிய ரஷ்யக் குதிரைப்படையைத் தாக்கலாம் என்று தான் கெஞ்சியதாகவும் கார்டிகன் மறுத்ததாகவும் மோரிஸ் பிறகு சொன்னார். கார்டிகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது உண்மையாக இருந்தாலும், முடிவு யார் கையில் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

பதவி விற்பனை 1871-இல்தான் ஒழிந்தது, அதுவும் பிரபுக்கள் சபையின் எதிர்ப்பை மீறி.

அந்தச் சீட்டைக் காட்டும்போதெல்லாம் 6,175 பவுண்ட் என்ற விலையையும் கூடவே எழுதி வையுங்கள். மோரிஸின் சாட்சியத்தையும், கார்டிகனின் மறுப்போடு சேர்த்தே, பார்வையாளர் கண்ணில் படும்படி வையுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்