அந்த இடுக்கில் இனியும் சிமெண்ட் வேண்டாம்

எங்கள் வீட்டுப் பங்காளிகள் எல்லாருக்கும், காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்.

போன ஐப்பசி மழையிலும் வீடு ஒழுகியது. அதே இடம்தான், ரெண்டாங்கட்டுச் சுவரும் அதன் பின்னால் போட்ட கான்கிரீட் மேல்தளமும் சேரும் இடுக்கு. சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது, கீழே ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளை படிந்து கிடக்கிறது, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வந்தவர்கள் வாளியைத் தாண்டித்தான் நடந்தீர்கள்.

இதுவரை சிமெண்ட் வைத்து அடைத்தோம், கெமிக்கல் பூசினோம், தார் ஷீட் ஒட்டினோம். எதுவும் ஒரு கோடைக்கு மேல் நிற்கவில்லை. ஏனென்றால் அது விரிசல் இல்லை, எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், அதாவது ரெண்டு பக்கமும் தனித்தனியாக அசைய வேண்டிய இடைவெளி. 10 மீட்டர் தளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி சுருங்கும். பழைய செங்கல் சுவர் தன் அஸ்திவாரத்தில் தனியாக நிற்கிறது, தளத்தோடு சேர்ந்து அசையாது. நடுவில் இறுகிப் போகிற எதை வைத்தாலும் கிழியத்தான் செய்யும்.

முற்றத்தைச் சுற்றிய வளவில், ரெண்டு ஓட்டுச் சாய்ப்பு சேரும் மூலையை நிமிர்ந்து பாருங்கள். அங்கே மடித்த தகரம், அதன் மேல் ஓடு சும்மா படுத்திருக்கிறது. ஓடு அசைந்தாலும் தண்ணீர் முற்றத்துக்குப் போய்விடுகிறது. அய்யாக்கள் காலத்து வேலை, நாம்தான் மறந்துவிட்டோம்.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். இடுக்கைச் சுத்தம் செய்து மெத்தென்ற ஃபோம் கயிறு திணிக்க வேண்டும். தளத்து ஓரத்தில் 6 அங்குலத் திட்டு எழுப்பி, அதன் மேல் ஒரு ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. சுவரில் காடி வெட்டி, இன்னொரு தகட்டின் விளிம்பை அதில் செருகிச் சுண்ணாம்பால் பூசி, திட்டைத் தாண்டிக் கீழே தொங்கவிட வேண்டும். மேல் தகடு சுவரோடு, கீழ்த் தகடு தளத்தோடு. ரெண்டையும் சேர்த்து ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, மேஸ்திரி எவ்வளவு சொன்னாலும் சரி. தகடும் சூட்டில் நீளும், அதனால் 8 அடிக்கு மேல் ஒரே துண்டு வேண்டாம், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 4 அங்குலம் ஏறட்டும். அலுமினியம் மலிவு என்று யாராவது சொல்வார்கள். அது இரும்பைப்போல ரெண்டு பங்கு நீளும், ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டும் அதை அரித்துவிடும்.

செலவைப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம், என் பங்கை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள். மழை பிடித்துவிட்டால் மேலே ஏற ஆள் கிடைக்காது.